விதைக்கு உண்டு முளைப்புச் சோதனை, சட்டத்துக்கு?

நாற்றங்கால் விடுவதற்கு முன் 100 நெல் மணிகளை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்புத்திறன் பார்ப்பது விவசாயிகள் அறிந்த முறை. சான்று பெற்ற நெல் விதை என்றால் குறைந்தது 80 சதவீதம் முளைக்க வேண்டும். ஒரு போகத்துக்கான விதைக்கே இவ்வளவு கவனம் காட்டுகிறோம். ஆண்டுக்கணக்கில் நம் நிலத்தையும் விளைச்சலையும் ஆளப்போகும் சட்டங்களுக்கு இப்படி ஒரு சோதனை நடக்கிறதா?

அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

ஆறே நாளில் இரு மசோதாக்கள்

2020 ஜூன் மாதம் மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. அவற்றுக்கான மசோதாக்கள் செப்டம்பர் 14-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாயின. விளைபொருள் வணிகம், ஒப்பந்தச் சாகுபடி தொடர்பான இரண்டும் 17-ஆம் தேதி மக்களவையிலும், 20-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறின. தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், வாக்குகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோரின. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே மாநிலங்களவையில் அவை நிறைவேறின. கரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் நடத்தப்படவில்லை.

பிறகு நடந்ததை அனைவரும் அறிவோம். நவம்பர் இறுதியில் தொடங்கிய தில்லி எல்லைப் போராட்டம் ஓராண்டைக் கடந்தது. இடையில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. 2021 நவம்பர் 29-ஆம் தேதி மூன்று சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. அந்த மசோதாவும் விவாதம் இல்லாமல் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது.

சட்டங்கள் நல்லவையா, கெட்டவையா என்பது தனி விவாதம். கொண்டுவந்தபோதும் விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. திரும்பப் பெற்றபோதும் காரணத்தை அவையில் அலசவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

சல்லடை எங்கே?

இதற்கென்றே நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் உள்ளன. 1993-இல் 17 ஆக இருந்தவை இப்போது 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள் வரை இடம்பெறுவர். வேளாண்மைக்கும் தனிக்குழு உண்டு. மசோதாவை வரிவரியாகப் படிப்பது, அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பது, விவசாயிகள், வணிகர்கள், அறிவியலாளர்களின் கருத்தைப் பெறுவது ஆகியவை இவற்றின் பணி.

ஆனால், மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிஆர்எஸ் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2009-14 மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 2019-24 காலத்தில் இது 16 சதவீதம்.

சலித்தால் என்ன பயன் என்பதற்கு நிலம் கையகப்படுத்தும் சட்டம் உதாரணம். 1894-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்கு மாற்றாக 2011-இல் வந்த மசோதா, ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குச் சென்றது. 2013-இல் திருத்தங்களுடன் நிறைவேறியது. தனியார் திட்டங்களுக்கு 80 சதவீத நில உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அச்சட்டம். இதைத் தளர்த்த 2014 டிசம்பரில் அவசரச் சட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2015 ஆகஸ்ட் இறுதியில் காலாவதியாக விடப்பட்டது.

குழுவுக்குச் சென்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. 2004-இல் அறிமுகமான விதை மசோதாவை வேளாண் நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை தந்தும், அது சட்டமாகவே இல்லை.

பணத்துக்கும் இதே கதைதான். 2018, 2023 பட்ஜெட் கூட்டத்தொடர்களில் எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும் மக்களவை விவாதமின்றி நிறைவேற்றியது. வேளாண் துறையும் அதில் அடக்கம்.

விவசாயி என்ன செய்யலாம்?

* குழு ஒரு மசோதாவை ஆராயும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடுவது உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சங்கங்களும் கள அனுபவத்தை எழுதி அனுப்பலாம்.

* வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-இல் மத்திய அரசே வகுத்த கொள்கை. அந்த நாட்களைத் தவறவிடக் கூடாது.

* கொள்முதல், பயிர்க் காப்பீடு, உரத் தட்டுப்பாடு பற்றி உங்கள் தொகுதி எம்.பி. மூலம் கேள்வி எழுப்பலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம்.

எம்.பி. ஊருக்கு வரும்போது சாலையும் குடிநீரும் கேட்கிறோம்; கேட்கத்தான் வேண்டும். அதோடு, "எங்களைப் பாதிக்கும் மசோதா குழுவுக்குப் போனதா? நீங்கள் என்ன பேசினீர்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். சோதிக்காமல் விதைத்தால் ஒரு போகம்தான் போகும். சோதிக்காத சட்டத்தால் 2020-இல் விதைத்தவர்கள் ஓராண்டைச் சாலையில் கழிக்க நேர்ந்தது.