வங்கத்துப் பெண்கள் கேட்ட வாக்கு

துர்க்கா பூஜை நெருங்கும் நாட்களில் கல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியின் நடைபாதைக் கடைகளருகே சற்று நின்றால், தாங்கேல் சேலையின் நெசவை விரலால் தடவிப் பார்த்து, கடைக்காரர் சொன்ன விலையைப் படிப்படியாகக் குறைத்து, தாம் மனத்தில் குறித்த தொகைக்கே வாங்கிச் செல்லும் வங்கத்துத் தாய்மார்களின் சாமர்த்தியத்தைக் காணலாம். இவர்களுடைய பாட்டிமார்க்குச் சட்டசபைப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் விவேகம் கிடையாதென்று இந்நகரத்தின் கனவான்கள் ஒரு காலத்தில் வாதாடினார்கள் என்பதை நினைக்கையில் இன்றும் என் மனம் கொதிக்கிறது.

1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் ஸ்திரீகளின் வாக்குரிமையைத் தானே வழங்காமல், அதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாகாண சபைகளிடம் விட்டது. 1917-ல் அடையாற்றில் மாதர் சங்கம் தோன்றி, அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தேவியார் தலைமையில் தூதுக்குழு இந்திய மந்திரி மாண்டேகு துரையைக் கண்டு முறையிட்ட நமது சென்னை, 1921-ல் முதன்முதலாக இசைந்தது, பம்பாயும் பின்தொடர்ந்தது. கல்கத்தாவில் கூடிய வங்கச் சட்டசபையிலோ, அவ்வாண்டு செப்டம்பரில் பெண்களுக்கு வாக்களிக்கும் தீர்மானத்திற்கு ஆதரவாக 37 பேரும் எதிராக 56 பேரும் வாக்களித்தனர்.

தோற்றவர்கள் சாமானியர் அல்லர். வங்கீய நாரீ சமாஜம் என்ற மாதர் சங்கத்தின் முன்னணியில் நின்ற காமினி ராய், 1886-ல் பெத்தூன் கல்லூரியில் ஸம்ஸ்கிருதத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவர்; கவிதையால் வங்கமெங்கும் அறியப்பட்டவர். ஐம்பத்தேழு பிராயத்தை எட்டிய அந்த அம்மையார், குமுதினி போஸ், மிருணாளினி சென் முதலியோருடன் கூட்டங்கள் கூட்டியும் சபை உறுப்பினர்களுடன் வாதித்தும் ஓயாது உழைத்தார். பெண்களுக்குப் பள்ளி நடத்திய பேகம் ரொக்கேயாவும் துணை நின்றார். 1923-ல் நகரசபை வாக்கு கிடைத்தது; 1925-ல் சட்டசபையும் இணங்கியது. சொத்தும் வரியும் உடைய சிலருக்கே அது பயன்பட்டதென்றாலும், பூட்டியிருந்த கதவு திறந்துவிட்டது.

காமினி ராய் 1933-ல் மறைந்தார்; எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வந்த நாளை அவர் காணவில்லை. வயது வந்தோர் யாவருக்கும் வாக்கு என்ற விதியின் கீழ் 1951-52-ல் முதற் பொதுத் தேர்தலை நடத்தியவர், தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் என்ற வங்காளியே. பெயர் சொல்லக் கூசி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடநாட்டவர், அவர் உத்தரவின்படி வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கொடுமையென்று இதைக் கூறுவோர் உண்டு. நானோ சென் அவர்களின் பக்கமே நிற்கிறேன். அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தாய்மார்கள் தத்தம் பெயரைத் தாமே சொல்ல முன்வருவார்கள் என்று அவர் நம்பினார்.