ஃபஸீலா: தாயைப் பிரிந்து வேர்விடும் கிளை

உலக முடிவு வந்துவிட்ட வேளையிலும் ஒருவர் கையில் நடவேண்டிய கன்று இருந்து, நடுவதற்கு அவகாசமும் இருக்குமாயின், அவர் அதை நட்டுவிட வேண்டும் என்ற கருத்துடைய நபிமொழியை நம்மவர் பலரும் அறிவர். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்நபிமொழி இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதிலும், இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அல் அதபுல் முஃப்ரதிலும் இடம்பெற்றுள்ளது. பாடம் நடத்தும்போதெல்லாம் அங்குள்ள சொல்லை 'மரக்கன்று' என்று மொழிபெயர்த்துவிட்டு நாம் பல்லாண்டுகள் கடந்து சென்றிருக்கிறோம். ஆயின் அங்கு வரும் சொல் 'ஃபஸீலா'. அது பேரீச்சையின் இளங்கன்றை, சிறப்பாகத் தாய்மரத்தின் அடியில் தோன்றிப் பிரித்து நடப்படும் பக்கக்கன்றைக் குறிப்பதாகும்.

இதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது 'ஃபஸ்ல்'. நூலின் அத்தியாயத்தைக் குறிக்கும் ஃபஸ்ல் 'ஸாத்' எழுத்தால் ஆனது. இதுவோ 'ஸீன்' எழுத்தால் ஆனது. தாய்க்கொடியிலிருந்து எடுத்து நடப்படும் திராட்சைக் குச்சிகள் என்று இதற்குப் பொருள் தரும் 'லிஸானுல் அரப்' அகராதி, அதனை அபூ ஹனீஃபாவின் கூற்றாகப் பதிவு செய்கிறது. இவர் ஃபிக்ஹு இமாம் அல்லர். 'கிதாபுன் நபாத்' என்னும் தாவர நூலை இயற்றிய அத்தீனவரீ ஆவார்.

இதற்கெனத் தனிச்சொல் அமைந்ததற்குக் காரணம் உண்டு. பேரீச்சை விதைகளை முளைக்க வைத்தால் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிக் காய்க்காது போகும். பெண் மரங்களும் தாயின் சுவையை அப்படியே தருவதில்லை. திராட்சையும் இத்தகையதே. ஒரே குலையின் விதைகளிலிருந்து எழும் கொடிகள் நிறத்தாலும் இனிப்பாலும் வேறுபட்டு நிற்கும். கொடியின் துண்டை வெட்டி நட்டாலோ, அரிதாக நேரும் மாற்றங்கள் நீங்கலாக, தாயின் இயல்பே தொடர்கிறது.

நடும் முறை எளியது. நன்கு முற்றிய, எழுதுகோல் பருமனுள்ள ஓராண்டுக் குச்சியை மூன்று அல்லது நான்கு கணுக்களுடன் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிப்பகுதியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனியை மேல்மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாகவும் வெட்டுவர். தலைகீழாக நட்டுவிடாதிருக்க இவ்வேறுபாடே அடையாளம். இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு, நீர் தேங்காத மணற்பாங்கான கலவையில் நட்டு, நிழலும் ஈரமும் காக்க வேண்டும். மொட்டுகளில் உருவாகும் ஆக்சின் என்னும் ஊக்கி கீழ்நோக்கி இறங்கி வெட்டுவாயருகே சேர்வதால், அங்கே வேர்கள் தோன்றுகின்றன. தளிர் கண்டவுடன் வேர் பிடித்துவிட்டதாக எண்ணலாகாது. குச்சியில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்தைக் கொண்டே முதல் இலைகள் விரியக்கூடும். அவ்வேளையில் பிடுங்கிப் பார்ப்பவர் அதனை இழக்கிறார்.

அத்தி, மாதுளை, மல்லிகை ஆகியனவும் குச்சியால் பெருகுவன. நம் வீட்டு முருங்கைப் போத்தும் இவ்வகையினதே. மாமரக் குச்சி எளிதில் வேர்விடாது. அதற்கு ஒட்டுக்கட்டுதலே வழி.

இக்கலையை நூலறிவாக வளர்த்தவர்களுள் அந்தலூசிய அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தொலேதோவின் இப்னு பஸ்ஸால் 11ஆம் நூற்றாண்டிலும், செவில் நகரின் இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டிலும் வேளாண் நூல்களை யாத்தனர். இப்னுல் அவ்வாம் முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததுடன், செவிலை அடுத்த அஷ்ஷரஃப் பகுதியில் தாமே செய்து கண்டவற்றையும் எழுதினார். அவரது 'கிதாபுல் ஃபிலாஹா' 1802இல் மத்ரிதில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. நம் பாடத்திட்டங்களில் இத்தகைய நூல்களுக்கு இடமில்லாமை வருந்தத்தக்கது.

குச்சிமுறையில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாக் கொடிகளும் ஒரே இயல்பினவாதலால், ஒன்றை அழிக்கும் நோய் அனைத்தையும் அழிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த 'ஃபில்லோக்செரா' என்னும் வேர்ப்பேன் 1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வீழ்த்தியது; 1878இல் அந்தலூசியாவின் மாலகா பகுதியையும் எட்டி, உலர்திராட்சைக்குப் பெயர்பெற்ற அதன் தோட்டங்களை நாசமாக்கியது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேரில் பழைய கொடியின் மொட்டை ஒட்டுக்கட்டியே பல தோட்டங்கள் மீட்கப்பட்டன. மொட்டைத் தரப் பழைய கொடிகள் எஞ்சியிருந்ததால்தான் அவ்வினங்கள் பிழைத்தன.

மாலகா உலர்திராட்சையின் இனம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. அதனையும் வேறோர் இனத்தையும் பெற்றோராகக் கொண்டதே, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர்த் திராட்சையாகிய மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பள்ளத்தாக்கின் கொடிகளும் கைமாறி வந்த குச்சிகளால் தொடர்பவையே.

விதையை மனிதன் மறந்தாலும் பறவையும் காற்றும் எங்கேனும் கொண்டு சேர்த்துவிடும். குச்சியால் தொடரும் கனியினத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு தலைமுறை வெட்டி நடாது விட்டால் அவ்வினம் அத்துடன் முடிந்துவிடும். ஸனதில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்டாற்போன்றது அது. கையிலிருப்பது ஃபஸீலா என்பதை உணர்ந்து வாசிக்கையில், அதை நட்டுவிடுமாறு கூறப்பட்டதன் ஆழம் நமக்குக் கூடுதலாகப் புலப்படுகிறது. அச்சொல்லை இனி வெறும் 'மரக்கன்று' என்று கடந்து செல்லாது, விளக்கியே கற்பிக்க நாம் எண்ணியுள்ளோம்.