கிளை ஆபீஸை மூட முடியுமா?

ஹெட் ஆபீஸை மூடுவது சுலபம் சார். ஊர் ஊராகத் திறந்த கிளைகளை மூடுவதுதான் தலைவலி. புற்றுநோயும் அப்படித்தான்.

கிளை திறக்க அதற்கு ரொம்பப் பிடித்த இடம் நுரையீரல். உடம்பைச் சுற்றிவரும் ரத்தம் அங்கே சல்லடை போன்ற நுண்குழாய்களுக்குள் நுழைந்துதான் வெளியே வரணும். கூடவே வரும் புற்று செல்கள் அங்கேயே டேரா போட்டுவிடும். எலும்புப் புற்று நுரையீரலுக்குப் போனாலும் எலும்புப் புற்றுதான். டிரான்ஸ்ஃபர் ஆனால் குமாஸ்தாவின் பெயரா மாறுகிறது?

'பரவிடுச்சா? அவ்வளவுதான்' என்று உதட்டைப் பிதுக்குவோம். அமெரிக்க டாக்டர்கள் பார்னியும் சர்ச்சிலும் பிதுக்கவில்லை. சிறுநீரகப் புற்று நுரையீரலுக்குத் தாவிய ஒருவருக்கு இரண்டு இடத்திலும் ஆபரேஷன் செய்து, 1939-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்த நோயாளி இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். கடைசியில் இறந்தது இதய நோயால்!

எல்லோருக்கும் கத்தி வைக்க மாட்டார்கள். முதல் கட்டி கட்டுப்பாட்டில் இருக்கணும். வேறெங்கும் பரவியிருக்கக் கூடாது. நுரையீரல் கட்டிகள் அத்தனையையும் எடுக்க முடியணும். மிச்ச நுரையீரல் மூச்சு விடப் போதணும். முடிந்தால் கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும், சின்னத் துளைகள் வழியாகவே எடுத்துவிடுவார்கள்.

லாபம் எவ்வளவு? 1997-ல் 5,206 பேரின் கணக்கு வெளிவந்தது. கட்டிகளை முழுசாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். முழுசாக எடுக்க முடியாதவர்களில் 13 பேர்தான்.

ஆடிட்டர் சும்மா இருப்பாரா? 'தெம்பானவர்களைத்தானே ஆபரேஷனுக்கு எடுத்தீர்கள்? அவர்கள் எப்படியும் வாழ்ந்திருப்பார்களோ?' நியாயமான கேள்வி. பெருங்குடல் புற்று நுரையீரலுக்குப் பரவிய 93 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். 2020-ல் ரிசல்ட். ஆபரேஷன் கோஷ்டியில் பாதிப் பேர் வாழ்ந்தது சுமார் மூன்றரை வருஷம். மற்ற கோஷ்டியிலும் கிட்டத்தட்ட அதேதான்! 93 பேர் என்பது சின்னக் கணக்கு, விவாதம் முடியவில்லை.

ஆனால், எல்லாப் புற்றும் ஒன்றல்ல. இளவட்டங்களைத் தாக்கும் எலும்புப் புற்றில் கீமோவுடன் நுரையீரல் ஆபரேஷனும் சிகிச்சையின் முக்கியப் பங்கு. விதைப்பைப் புற்றில் முதலில் கீமோ. மிச்சம் நிற்கும் கட்டிக்குத்தான் கத்தி. பரவிய பிறகும் பலர் பூரணமாகக் குணமாகிறார்கள். வலிக்காத கட்டிதானே என்று வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், ப்ரதர்!

டாக்டரிடம் 'வெட்ட முடியுமா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'வெட்டினால் என்ன லாபம்? வெட்டாவிட்டால் வேறென்ன வழி?' இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு!