வசந்தகாலக் கணக்கும் வயதான மட்டையும்

மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் தங்கள் பட்டியலை 26 பேராகச் சுருக்கி அறிவிக்க வேண்டிய கெடு வசந்தகாலப் பயிற்சியின் முடிவில் வருகிறது. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில், டொராண்டோவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் எழுதுகிற நம் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி பல வேஷங்களில் தலைகாட்டுவது வழக்கம்: முப்பத்தைந்தைக் கடந்த நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவர், ஓராண்டோ ஈராண்டோ களத்தை விட்டு விலகியிருந்தபின் திரும்பி வந்து பழைய ஆட்டத்தை ஆடுவது சாத்தியந்தானா? சாத்தியம் என்போர் டெட் வில்லியம்ஸை அழைக்கிறார்கள். அசாத்தியம் என்போர் அலெக்ஸ் ரொட்ரிகஸைச் சுட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, அதே ரொட்ரிகஸையே சாத்தியத்துக்கும் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிற கடிதங்களும் இருக்கின்றன. மூன்று சாராரும் ஹோம் ரன் எண்ணிக்கையையே ஆதாரமாகக் காட்டுவதுதான் குழப்பத்துக்கெல்லாம் மூலம் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தத்துக்குப் போனவர், முழங்கையில் ரணசிகிச்சை செய்துகொண்டவர், மனம் சலித்து விடைபெற்றவர், ஊக்கமருந்துக் குற்றத்துக்காக ஒதுக்கிவைக்கப்பட்டவர் ஆகிய அனைவரையும் அணி நிர்வாகங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி, 'நல்ல ஓய்வுக்குப்பின் திரும்புகிறார்' என்று மங்களகரமாக அறிவித்துவிடுகின்றன. தண்டனையும் ஓய்வு என்ற கணக்கில் சேர்ந்துவிடுவது சாமர்த்தியமான ஏற்பாடு. இதற்கு அடுத்தபடியாக, ஒவ்வொரு பிப்ரவரியிலும் தவறாமல் வெளிவருவது, அன்னார் 'தம் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த தேகநிலையில் இருக்கிறார்' என்ற பயிற்சியாளரின் நற்சான்று. அவர் சிறிது எடை குறைந்திருக்கிறார் என்பதும், அவருக்கு எதிராக யாரும் இன்னும் மனம்வைத்துப் பந்தெறியவில்லை என்பதுமே அந்த வாக்கியத்தின் தாத்பரியம் என்று பல ஆண்டுகளாகப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும்.

தேகபலம் நாம் பயப்படுகிற அளவுக்கு விரைவில் கரைவதில்லை. இரும்புத் தூக்கியும் ஓடியும் அதை ஓரளவு காப்பாற்றிக்கொள்ளலாம். கரைவது காலம். பிட்சரின் கையை விட்டு மணிக்கு 95 மைல் வேகத்தில் புறப்படும் பந்து ஏறக்குறைய 0.4 நொடியில் மட்டையாளரை அடைந்துவிடுகிறது; மட்டையை வீசுவதற்கே அதில் சுமார் 0.15 நொடி செலவாகிவிடுவதால், வருவது எந்த ஜாதிப் பந்து, எங்கே வந்து சேரும், அடிப்பதா விடுவதா என்பதையெல்லாம் நிச்சயிப்பதற்கு அவருக்கு மிஞ்சுவது கால் நொடி. அந்தக் கால் நொடிதான் மட்டையாளரின் ஆஸ்தி முழுவதும். வயோதிகமும் பழக்கக்குறைவும் கூட்டுச்சேர்ந்து அதிலிருந்து நூற்றில் ஒரு பங்கு நொடியைக் களவாடினால் போதும், அந்த அற்ப அவகாசத்துக்குள் பந்து நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் முன்னேறிவிடும். வயதான சங்கீத வித்வான் சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொண்டு பாடினால் சபை அதை மரியாதையாக ஏற்றுக்கொள்கிறது. மட்டையாளரோ, சற்று மெதுவாக எறியுங்கள் என்று எதிராளியிடம் விண்ணப்பித்துக்கொள்ள முடியாது.

ஆகையால் அவர் ஒரு யுக்தி செய்கிறார். இந்தக் கட்டுரையில் எனக்கு வியப்பையும் சங்கடத்தையும் ஒருங்கே தருவது அந்த யுக்திதான். வருவது வேகப்பந்து என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, கண் முழுத் தகவலையும் கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னரே மட்டையை அசைக்கத் தொடங்கிவிடுவது. அதாவது, பார்ப்பதற்கு உரிய நேரத்திலிருந்து கடன் வாங்கி, வீசுவதற்கு உரிய நேரத்தில் சேர்த்துக்கொள்வது. ஆட்டக்காரர்கள் இதற்கு ஏமாற்று வேலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விதிமீறல் ஏதும் இதில் இல்லை. ஊகித்தபடி வேகப்பந்து வந்துவிட்டால், பந்து இருபத்தைந்து வயதில் பறந்த தூரத்துக்கே பறக்கும். மைதானம் எழுந்து நிற்கும். மறுநாள் பத்திரிகைகள் காலத்தை வென்றவர் என்று எழுதும். வந்தது வளைந்து இறங்கும் பந்தாகவோ, வேகப்பந்தைப் போலவே தோன்றித் தயங்கி வருகிற பந்தாகவோ இருந்துவிட்டால், மட்டை வெற்றுக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்விட்ட பிறகே பந்து வந்து சேரும். எனவே, திரும்பி வந்தவரின் கணக்கில் ஹோம் ரன் மட்டும் செழிப்பாக இருந்து, அடிச் சராசரி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அங்கே இந்தக் கடன் நடமாடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஹாங்க் கிரீன்பெர்கின் சரித்திரம் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். 1941 மே மாதத்தில் ராணுவத்துக்குப் போனவர் 1945 ஜூலை 1 அன்று, 34 வயதில், டெட்ராய்ட் டைகர்ஸுக்குத் திரும்பி, திரும்பிய ஆட்டத்திலேயே ஹோம் ரன் அடித்தார். சீசனின் கடைசி நாளில் மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்கையில் அவர் அடித்த ஹோம் ரன்தான் அணிக்கு அமெரிக்கன் லீக் பட்டத்தை உறுதிசெய்தது. அந்த அரை சீசனில் 78 ஆட்டங்களில் அவர் சராசரி .311. மறு ஆண்டு, எதிராளிகள் அவரை ஒரு முழுச் சீசன் பார்த்து முடித்தபோது, 44 ஹோம் ரன்களோடும் 127 ரன்களை உள்ளே அனுப்பிய கணக்கோடும் இரண்டிலும் லீகின் முதல்வராக அவர் நின்றார், சராசரி மட்டும் .277. இத்தனை ஹோம் ரன் அடித்தவரை அடுத்த ஜனவரியில் டெட்ராய்ட் நிர்வாகம் பிட்ஸ்பர்குக்கு விற்றுவிட்டது. அன்று ரசிகர்கள் அதை நன்றிகெட்ட செயல் என்று ஏசியதில் நியாயம் உண்டு. எனினும் பிட்ஸ்பர்கில் அவர் 25 ஹோம் ரன்களும் .249 சராசரியுமாக ஆடி, அந்த ஒரு சீசனோடு விடைபெற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிகாகோ கப்ஸின் ரைன் சாண்ட்பர்க் 1994 ஜூனில் தாமாகவே விலகி, 1996-ல் திரும்பினார். அவ்வாண்டு 25 ஹோம் ரன், சராசரி .244. அதற்கடுத்த ஆண்டு சராசரி .264 ஆக ஏறியது, ஹோம் ரன் 12 ஆக இறங்கியது. பார்ப்பதற்கு நேரம் கொடுத்தால் பலம் குறைகிறது, பலத்துக்கு நேரம் கொடுத்தால் பார்வை குறைகிறது. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள அந்த வயதில் வழியில்லை என்பதை இவ்விரண்டு ஆண்டுகளின் கணக்கைப்போல் பிரத்தியட்சமாகக் காட்டுவது வேறொன்றும் எனக்குத் தெரியாது.

ரொட்ரிகஸின் விஷயம் இன்னும் வெளிப்படை. ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 சீசன் முழுவதும் தடைபெற்று, 39 வயதில் 2015-ல் யாங்கீஸுக்குத் திரும்பியவர், ஜூலை முடிவதற்குள் 24 ஹோம் ரன் அடித்தார். ஜூலை 27 அன்று நாற்பது வயதும் நிறைந்தது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து சீசன் முடியும்வரை அவருடைய சராசரி .191. நீண்ட சீசனின் சோர்வுக்கும் அதில் பங்கு உண்டு. நாலு மாதம் அவரைப் பார்த்துப் பழகிய பிட்சர்களுக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் நம்பமாட்டேன். சீசன் முடிவில் 33 ஹோம் ரன், .250. மறு ஆண்டு .200-க்கு இறங்கி, ஆகஸ்ட் மாதத்தில் விடைபெற்றார். ஆக, வெற்றி என்பவர்கள் ஜூலை வரையிலும், தோல்வி என்பவர்கள் ஆகஸ்டிலிருந்தும் படித்திருக்கிறார்கள்.

இப்போது கெடுவுக்கு வருவோம். அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் நடைபெறும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் பிட்சர்கள் முதலில் வேகப்பந்தின் குறியைச் சரிசெய்துகொள்வதிலேயே கவனமாக இருக்கிறார்கள். வளைவுப் பந்துகளைப் பிற்பாடுதான் எடுக்கிறார்கள். பிரதான பிட்சர்கள் சில இன்னிங்ஸோடு நிறுத்திக்கொள்ள, மிச்ச ஆட்டத்தில் எறிகிறவர்கள் பெரும்பாலும் கீழ்நிலை லீகுகளிலிருந்து வந்த இளைஞர்கள். வேகப்பந்தை எதிர்பார்த்து முந்தி வீசுகிற வயோதிக மட்டைக்கு இதைவிடத் தோதான சந்தர்ப்பம் வாய்க்காது. கடன் வாங்குவதற்கு வசதி செய்துகொடுத்து, கடன்காரர்கள் வருவதற்குமுன் சான்றிதழ் வழங்கிவிடுகிற இந்த ஏற்பாட்டைக் குற்றமென்று சொல்லமாட்டேன்; ஆனால் 'மார்ச் மாதத்திலே நிரூபித்துவிட்டார்' என்று நிர்வாகம் சொல்லும்போது, டிக்கெட் விற்பனையும் அதே மாதத்தில்தான் மும்முரமாக நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கிரீன்பெர்க் காலத்தில் இந்த யுக்தியை எதிரணிகளின் ஒற்றர்கள் கண்ணாலே கண்டு, காகிதத்தில் குறித்து, ஊர் ஊராகச் செய்தி பரப்ப வேண்டியிருந்தது. 2015 முதல் முப்பது மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் போக்கும் கருவிகளால் அளக்கப்படுகிறது. 2024 முதல் மட்டை வீசப்படும் வேகத்தின் அளவுகளும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டன. ரகசியம் முன்னைப்போல் சீசன் கணக்கில் தங்குவதில்லை.

பிட்சர்கள் விஷயத்தில் நியாயமே வேறு. எப்போது, எதை, எவ்வளவு வேகத்தில் எறிவது என்று ஆட்டத்தின் காலத்தை நிர்ணயிக்கிறவர் அவர். மட்டையாளர் அந்தக் காலத்துக்குப் பதில் சொல்கிறவர். வேகம் குறைந்த பிட்சர், குறியாலும் வேற்றுமையாலும் அதை ஈடுசெய்யலாம். விலகியிருந்த காலம் அவருடைய தோளுக்கும் முழங்கைக்கும் மெய்யாகவே ஓய்வாக அமையவும் கூடும். முழங்கைத் தசைநார் மாற்றுச் சிகிச்சையால் 2021 முழுவதையும் இழந்த ஜஸ்டின் வெர்லாண்டர், 39 வயதில் 2022-ல் ஹூஸ்டனுக்குத் திரும்பி, 18 வெற்றி, 4 தோல்வி, 1.75 என்ற ரன் சராசரியுடன் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஏகமனதாகப் பெற்றார். ஓராண்டு ஓய்விலிருந்து 2012-ல் திரும்பிய ஆண்டி பெட்டிட் கணைக்காலில் எலும்பு முறிந்த அந்தச் சீசனில் எறிந்த 12 ஆட்டங்களில் அவருடைய ரன் சராசரி 2.87. முழங்கை பழுதாகி 2010-ஐ இழந்து மீண்டும் வந்த பார்ட்டலோ கொலோனும் இந்த வரிசையில்தான் வருவார், 2012-ல் டெஸ்டாஸ்டிரோன் உபயோகத்துக்காக அவருக்கு 50 ஆட்டத் தடை விழுந்ததைச் சேர்த்துச் சொன்னால்.

டெட் வில்லியம்ஸ்? கொரிய யுத்தத்தில் 39 முறை போர்விமானம் ஓட்டிவிட்டு 1953 ஆகஸ்டில் பாஸ்டனுக்குத் திரும்பி, அம்மாதக் கடைசியில் 35 வயது நிறைந்த அவர், எஞ்சிய 37 ஆட்டங்களில் 13 ஹோம் ரன்களும் .407 சராசரியும் எடுத்தார். கணக்கில் வந்த வாய்ப்புகள் 91 மட்டுமே என்பதால் அதை ஒரு சீசனுக்குச் சமமாக எடைபோட முடியாது. ஆனால் கிரீன்பெர்கைப்போல் மறு ஆண்டு இறங்கவில்லை, 1954-ல் .345, 1957-ல் 38 வயதில் .388. 1954-ல் அவருக்கு 136 முறை இலவச நடை கிடைத்தது. அடிக்கத் தகாத பந்தை விட்டுவிடுகிற அந்தப் பொறுமைதான் ரகசியம்: அவர் பார்வைக்கான நேரத்தில் கடைசிவரை கைவைக்கவில்லை. இவரை முன்மாதிரியாகக் காட்டி மற்றவர்களுக்கு ஒப்பந்தம் வாங்கிக்கொடுக்கிற முகவர்களின் வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக:

ஓய்வு அறிவிப்பு கட்டுப்படுத்துமா? இல்லை, ரோஜர் கிளெமன்ஸ் 2003 முடிவில் விடைபெற்று, 2004 ஜனவரியில் ஹூஸ்டனில் கையெழுத்திட்டு, அவ்வாண்டே ஏழாவது சை யங் விருது பெற்றார்.

பாதியில் சேர்ந்தால் முழுச் சம்பளமா? அணியில் இருந்த நாட்களுக்கு மட்டும். 2007-ல் கிளெமன்ஸுக்கு யாங்கீஸ் எழுதிய 2 கோடியே 80 லட்சத்து 22 டாலரும் அப்படியே குறைந்தது, கிடைத்த பலன் 6 வெற்றி, 6 தோல்வி.

அரைச் சீசன் மட்டும் ஆடுவது நடக்குமா? ரிச் ஹில் 2024-ன் முற்பாதியை வேண்டுமென்றே குடும்பத்தோடு கழித்துவிட்டு, 44 வயதில் பாஸ்டனில் சேர்ந்து நான்கு ஆட்டங்களில் எறிந்தார்.

டொராண்டோவின் மாக்ஸ் ஷெர்ஸர் இக்கணக்கில் வருவாரா? 2025 அக்டோபரில் மூன்று வாரம் எறியாமலிருந்து, 41 வயதில் சியாட்டிலை வென்றார். மூன்று வாரத்தை விலகல் என்று நான் கொள்ளவில்லை.

வயது வரம்பு? கிடையாது, சாச்சல் பேஜ் 1965-ல் 59 வயதில் கான்ஸாஸ் சிட்டிக்காக மூன்று இன்னிங்ஸ் எறிந்து ரன் எதுவும் கொடுக்கவில்லை.

திரும்பி ஆடினால் புகழ் மண்டபத்துக்கான ஐந்தாண்டுக் காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்தா? ஆம், கடைசியாக ஆடிய சீசனிலிருந்துதான் கணக்கு. ஹோசே ரிஹோவுக்கு 2001 தேர்தலில் வாக்கு விழுந்தது, ஆகஸ்டில் அவர் மறுபடி பந்தெறிய வந்துவிட்டார்.

மண்டபத்தில் இடம்பெற்றபின்னும் ஆடலாமா? விதி தடுக்கவில்லை: 1990-ல் அந்தக் கௌரவத்தைப் பெற்ற ஜிம் பாமர், 45 வயதில் 1991 வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து, பாஸ்டனுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸ் எறிந்து, ஐந்து ஹிட்டும் இரண்டு ரன்னும் கொடுத்தார், பின்தொடைத் தசை கிழிந்ததால், அதோடு முயற்சியைக் கைவிட்டார்.