மேற்கோளுக்குள் சிக்கிய சாய்கோடு

சி மொழியில் எழுதிய புரோகிராமில் கம்பைலர் படித்தும் படிக்காததுபோல் தாண்டிப்போகும் பகுதி ஒன்று உண்டு: கமென்ட். பின்னால் அந்த வரிகளைத் திருத்த வருபவருக்காக எழுதிவைக்கும் குறிப்பு அது. /* என்று தொடங்கினால் */ வரும்வரை கமென்ட். 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் // சேர்ந்தது. அந்தக் குறிக்குப் பிறகு வரி முடியும்வரை கமென்ட்தான்.

கமென்ட்டுகளை நீக்க ஒரு புரோகிராம் எழுதவேண்டும் என்றால், இவற்றைத் தேடி அழித்துவிட வேண்டியதுதானே?

அங்கேதான் வம்பு. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கில் ஓர் இணைய முகவரி இருந்தால் :// வந்தே தீரும். கண்மூடித்தனமாக அழிக்கும் புரோகிராம், முகவரியின் மீதியோடு மூடும் மேற்கோளையும் அரைப்புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிடும். பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி பாடநூலின் 1988 பதிப்பில், முதல் அத்தியாயத்திலேயே 1-23 என்ற எண்ணில் இந்தப் பயிற்சி இருக்கிறது. ஸ்ட்ரிங்குகளைக் கவனிக்கும்படி அதிலேயே சொல்லியும் இருக்கிறார்கள். ஆரம்பப் பாடம்தானே என்று இறங்குபவர்களை அது நன்றாகவே சோதிக்கும்.

வழி, எழுத்தெழுத்தாகப் படிப்பது. இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை நினைவில் வைப்பது. ஸ்ட்ரிங்குக்குள் சாய்கோடு வெறும் சாய்கோடு. கமென்ட்டுக்குள் மேற்கோள் வெறும் மேற்கோள். ஸ்ட்ரிங்குக்குள் \" வந்தால் ஸ்ட்ரிங் இன்னும் முடியவில்லை. ஒற்றை மேற்கோளுக்குள் '"' என்று வந்தாலோ, ஸ்ட்ரிங் தொடங்கவே இல்லை!

அழித்த இடத்தில் என்ன வைப்பது? பழைய கருவிகள் சில எதுவுமே வைக்கவில்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே /**/ போட்டு அவற்றை ஒட்டவைக்கும் தந்திரம் அப்படிப் பிறந்தது. 1989-ஆம் ஆண்டுத் தரம் அதற்கு முடிவுகட்டியது: ஒவ்வொரு கமென்ட்டுக்கும் பதில் ஓர் இடைவெளி. ஒட்டுவதற்கென்று ## என்ற தனிக்குறியையும் கொடுத்தது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு பொறி மிச்சம். வரியின் கடைசியில் \ இருந்தால், கமென்ட்டுகளைப் பிரிக்கும் முன்பே அடுத்த வரி அதோடு இணைந்துவிடும். // போட்டு ஒரு விண்டோஸ் ஃபோல்டரின் பாதையைக் குறித்து, அதை \ என்று முடித்தால் போதும். கீழே உள்ள நிஜமான கட்டளை வரியும் கமென்ட்டாகிவிடும். புரோகிராம் பெரும்பாலும் கம்பைல் ஆகிவிடும், அந்த ஒரு வேலை மட்டும் நடக்காது. ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளை முடுக்கிவிட்டிருந்தால், கமென்ட் அடுத்த வரிக்கும் நீள்வதை அது சுட்டிக்காட்டும்.