அழிக்கச் சொன்னார்கள்... தப்பிப் பிழைத்த ‘ஹாம்லெட்’!

மகுடம் இல்லை, பட்டாடை இல்லை. ஒத்திகைக்கு வந்தவர் போல சாதாரண உடையில் நிற்கிறார் ஹாம்லெட்டாக நடிக்கும் ரிச்சர்ட் பர்ட்டன்!

1964-ல் பிராட்வேயில் ஜான் கில்குட் இயக்கிய ஷேக்ஸ்பியர் நாடகம் இது. ரசிகர்கள் முன்னிலையில் படமாக்கி, இரண்டே நாள்கள் தியேட்டர்களில் திரையிட்டார்கள். பிறகு எல்லா பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். 1984-ல் பர்ட்டன் மறைந்த பிறகு, அவர் வைத்திருந்த ஒரு பிரதி கிடைத்தது. அதனால்தான் இன்று நம்மால் பார்க்க முடிகிறது.

கறுப்பு வெள்ளை, மங்கலான வெளிச்சம், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் நீளம்... ஆரம்பத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிறகு பர்ட்டனின் குரல் இழுத்துக்கொள்ளும். தந்தையின் ஆவி வெறும் நிழல்தான், குரல் கில்குட்டுடையது. அரங்கின் சிரிப்பொலி கேட்கும்போது, அங்கே ஒரு நாற்காலி நமக்கும் கிடைத்துவிடுகிறது!