பெருந்தமனிக் குழாய்: பொருத்திய பிறகும் கவனம்

நம் காரோடு, பாறசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதய நோய் என்றாலே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பெயர்தான் வாயில் வரும். அங்கே பெருந்தமனி வீக்கத்துக்கு ‘ஸ்டென்ட் கிராஃப்ட்’ பொருத்துவதும் உண்டு. அதுபற்றி நான் படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் பெருந்தமனி. வயிற்றில் அதன் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு, முதுமை இவற்றால் சுவர் நைந்து பலூன்போல் உப்பும். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. ஆனால் பொதுவாகச் சிகிச்சை சொல்வார்கள். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் 1955-இல் இறந்தது இந்த வீக்கம் வெடித்துத்தான்.

1990-இல் அர்ஜென்டினாவில் டாக்டர் பரோடி, வயிற்றைக் கிழிக்காமல் தொடைத் தமனி வழியாகவே துணியும் கம்பிவலையும் சேர்ந்த குழாயைப் பொருத்தினார். இன்றும் அடிப்படை அதுதான். சில நாளில் வீடு திரும்பலாம். ‘குணமாயிடுச்சு’ என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

குழாயின் ஓரம் ரத்தம் கசியலாம். குழாய் நழுவலாம், அடைபடலாம். கசிவும் நழுவலும் பெரும்பாலும் வலியே காட்டாது. ஆகவே முதல் மாதம் ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்லும் கெடுவில் ஆயுள் முழுக்க ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு ஏற்றும் சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை, ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

லாபம் வந்த வருஷமும் வியாபாரி கணக்குப் பார்க்காமல் விடுவதில்லை. உடம்புக்கும் அப்படித்தான். குழாயின் விவர அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும்வலி வந்தால், ‘வாயுப்பிடிப்பு’ என்று வீட்டில் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.